என் தாகம் மகளுக்கு வந்தது என்று நினைத்தோம்

போன மாதம் கிளினிக் வாங்குப் பலகையில் எங்களுக்குப் பக்கத்தில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று இருந்தாள். காலை ஆட்டிக்கொண்டு என் மகளிடம் கேட்டாள்:

"அக்கா, உங்களுக்கு என்னத்தால வந்தது? எனக்கு அம்மாவும் அப்பாவும் சண்டை பிடிச்சுப் பிரிஞ்சதால வந்ததாம். மாமி சொன்னவ."

சின்னம்மை எப்படி வந்தது என்று சொல்லுவதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். தாய் பக்கத்திலேதான் இருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. என் மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த மரக்கறிப் படத்தைப் பார்த்தேன். அதற்குள் எங்கள் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லாமலே எழும்பிப் போனோம்.

வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், அந்தப் பிள்ளைக்கும் அந்த வாங்கில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும். நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மகளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ, ஆனா என்ர பேரைப் போடாதேங்கோ" என்றாள்.

நான் திருகோணமலையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன், பாஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். உள்துறைமுகக் கரையில் ஒரு தகரக் கொட்டில், அதுதான் வேலைத்தலம். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினைக் கழற்றிப் பூட்டினவன் முதல் ஓட்டத்துக்குக் கூடப் போகவேண்டும். இது எங்கேயும் எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் மாட்டேன் என்றால் அடுத்த வேலை வராது. தன்னுடைய உயிரும் அந்த வள்ளத்துக்குள் இருக்கும் என்று தெரிந்தால் நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்குவான் அல்லவா, அதுதான் காரணம்.

மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அப்படி ஓர் ஓட்டத்துக்குப் போனேன். வள்ளச் சொந்தக்காரர், அவருடைய மச்சான், நான், மூன்று பேர். பகல் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் போனோம். ஆளுக்கொரு பாண் பார்சலும் பாதிக் கேன் தண்ணீரும் இருந்தன. ரேடியோவும் அதன் பற்றரியும் திருத்த வேலைக்காகக் கழற்றிக் கரையில் கிடந்தன. "அரை நாளுக்கு என்னத்துக்கு ரேடியோ, பாஸ் கூட இருக்கிறார்தானே" என்றார் சொந்தக்காரர்.

எஞ்சின் நல்லாகத்தான் ஓடியது. உடைந்தது எஞ்சின் இல்லை. கியர்ப் பெட்டியையும் தண்ணீருக்கடியில் சுற்றுகிற காற்றாடியின் தண்டையும் சேர்க்கிற இணைப்புத் துண்டு. நான் கை வைக்காத இடம். கை வைத்துப் பார்த்திருக்க வேண்டிய இடம். அது உடைந்தால் எஞ்சின் சும்மா உறுமும், வள்ளம் போகாது. நங்கூரம் போட்டோம். எங்கள் துறைமுகத்துக்கு வெளியே கடல் கெதியாக ஆழமாகிவிடும். கயிறு முழுக்க விட்டும் நங்கூரம் நிலத்தைத் தொடவில்லை. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. பின்னேரம் ஆகும்போது மலையும் இல்லை, கரையும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை.

புதன்கிழமை வரைக்கும் அப்படியே போனோம்.

அந்த நாட்களைப் பற்றி நான் கூடச் சொல்லப்போவதில்லை. தண்ணீரைக் கேன் மூடியால் அளந்து குடித்தோம். திங்கட்கிழமை பின்னேரம் சின்ன மழை ஒன்று பெய்தது. படங்குச் சீலையை விரித்துப் பிடித்தோம், டீசல் மணத்தது, அதையும் குடித்தோம். பேந்து அதுவும் இல்லை. புதன்கிழமை சூரியன் கிளம்புகிற நேரம் தெற்குப் பக்கத்து வள்ளம் ஒன்று எங்களைக் கண்டது. சிங்களப் பொடியன்கள். என் வாயில் போத்தலை வைத்துக்கொண்டு ஒருவன் "ஹெமின், ஹெமின்" என்று தோளைத் தட்டினான், மெல்ல, மெல்லக் குடி என்று. அவர்களுடைய ரேடியோவும் இரண்டு நாளாக வேலை செய்யவில்லையாம். நான் பாஸ் என்று தெரிந்ததும் அதைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். கை நடுங்கின நடுக்கத்தில் ஸ்குரூவைப் பிடிக்கவே ஏலவில்லை. அவர்கள் போட்ட வலையை இழுத்து முடித்து, எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வாழைச்சேனைப் பக்கம் சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வர இரவு ஏழு மணி ஆகிவிட்டது. அப்போதுதான் மனைவிக்கு போன் எடுத்தேன். "நான்தான்" என்றேன். அவள் போனைக் கீழே போட்டுவிட்டாள். மகள்தான் எடுத்தாள்.

"அப்பா," என்றாள், "எனக்குத் தெரியும்."

என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. அழுகைக்கு நடுவில் வந்த பேச்சு என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தால் கலியாண வீடு மாதிரி சனம். எதிர்வீட்டு ராத்தா, அவர்கள் கிண்ணியா முஸ்லிம் ஆட்கள், தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுப் பெரிய தட்டு நிறையத் தொதல் கிண்டிக்கொண்டு வந்திருந்தா. மாதா கோயில் ஆட்கள் கேக் கொண்டுவந்தார்கள். மகள் என் காலடியிலேயே இருந்தாள். வந்த ஒவ்வொருவருக்கும் நான் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். எல்லோரும் கேட்டது தாகத்தைப் பற்றித்தான்.

"நாக்கு மரக்கட்டை மாதிரி ஆகிடும். துப்பலும் வராது. கண்ணை மூடினா எங்கட குசினிப் பானைதான் தெரியும்" என்று சொல்லுவேன். சொல்லச் சொல்ல எனக்கே கதை நல்லாக வந்தது. மகள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

மூன்று கிழமை போயிருக்கும். மகள் தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள்.

பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னம் பானையடிக்குப் போவாள். ஒரு செம்பு, இன்னொரு செம்பு. சாப்பாட்டுக்கு நடுவில் எழும்பிப் போவாள். எனக்கு அது என்னைப் பார்த்துச் செய்கிற வேலையாகத் தெரிந்தது. நான் பட்ட தாகத்தைக் கேட்டுக் கேட்டுப் பயந்து போனாள் பிள்ளை, தண்ணீரைக் கண்டால் விடமாட்டாள் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எனக்குள் கொஞ்சம் சந்தோசமும் இருந்தது. என்னில் அவ்வளவு பாசம் என்று.

மனைவி ஒருநாள் ஏசினாள். "இந்தா, வயிறு வெடிக்கப்போகுது. போதும் வை."

"விடும்" என்றேன் நான். "தண்ணி குடிக்கிறதுக்கு இந்த வீட்டில ஒருத்தரும் ஒண்டும் சொல்லக்கூடாது."

அதோடு நிற்கவில்லை. சந்தைக்குப் போய்ப் பெரிய போத்தல் ஒன்று, நீல நிறம், தோளில் கொளுவுகிற வார் வைத்தது, வாங்கிக்கொண்டுவந்து கொடுத்தேன். வள்ளச் சொந்தக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பாஸ், உம்மட தாகம் பிள்ளைக்கு இறங்கியிருக்கு. நல்ல காலம், உம்மட மூளை இறங்கேல்லை."

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பேச்சு எங்கள் ஒழுங்கையில் பரவிவிட்டது. வருகிறவர்கள் பிள்ளையின் தலையைத் தடவி "அப்பாட தாகம்" என்று சொல்லிப் போவார்கள். பயந்த பிள்ளைக்கு உடம்பு சூடாகும் என்று செவ்விளநீர் வெட்டித் தந்தார்கள். குளுக்கோஸ் பக்கற் தந்தார்கள். நாங்கள் அன்னாசிக் கோடியல் பாகைக் கரைத்துக் கொடுத்தோம். அவள் கேட்டதையெல்லாம் கொடுத்தோம்.

பிறகு பாயை நனைக்கத் தொடங்கினாள். ஒன்பது வயதுப் பிள்ளை. காலையில் யாரையும் பார்க்கமாட்டாள். அதற்கும் எங்களிடம் விடை இருந்தது: பயம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது. அப்பா இல்லாத நாட்களில் சாப்பிடாமல் கிடந்தவள், இனித்தான் உடம்பு தேறும் என்றோம். படியில் ஏறக் களைத்தாள். கச்சான் வெயில், யார்தான் களைக்கவில்லை என்றோம். எதைக் கண்டாலும் அந்த ஒரே சாவியைப் போட்டுத் திறந்தோம்.

எதிர்வீட்டு ராத்தா ஒருநாள் வேலியடியில் நின்று என்னைக் கூப்பிட்டா. மெல்லிய குரலில்தான் சொன்னா.

"தம்பி, குறை நினைக்க வேணாம். உங்கட கக்கூசடியில எறும்பு மொய்க்கிறத நான் ரெண்டு நாளாப் பாக்கிறன். எங்கட அவருக்கும் இப்பிடித்தான் தொடங்கின. புள்ளைக்கு ஒருக்கா ரத்தத்தில சீனி பாருங்களன்."

"ராத்தா, அது வயசு போன ஆக்களின்ர வருத்தமெல்லோ" என்றேன்.

"எனக்குத் தெரியா தம்பி. எறும்புக்கும் வயசு தெரியாதுதானே."

நான் சிரித்துவிட்டு வந்தேன். கடைக்குப் போய் எறும்புத் தூள் வாங்கிப் போட்டேன். இதை எழுதும்போது கை நிற்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். எஞ்சினில் எண்ணெய் ஒழுகினால் எங்கேயிருந்து ஒழுகுது என்று பார்க்கிறவன் நான். என் வீட்டில் ஒழுகினதைத் துடைத்துவிட்டுப் போனேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் சத்தி எடுத்தாள். வயிறு நோகுது என்றாள். மூச்சு ஓடிவந்த ஆள் மாதிரி வாங்கியது. வாயில் பழ மணம். அன்னாசிக் கோடியல் குடித்த மணம் என்று மனைவி சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட சட்டையோடு கதிரையில் இருந்தவள் அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தாள். எதிர்வீட்டு ராத்தாவின் மகனுடைய ஓட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ராத்தா பின்னால் இருந்து பிள்ளையின் தலையை மடியில் வைத்திருந்தா. "நான் அப்பவே சொன்னன்" என்று இன்றைக்கு வரைக்கும் அவ சொன்னது இல்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா கேட்டா: "எவ்வளவு நாளா இப்பிடித் தண்ணி குடிக்கிறா?"

நான் கடலில் இருந்து தொடங்கினேன். வள்ளம், கியர்ப் பெட்டி, கச்சான், தாகம். டொக்டர் கொஞ்ச நேரம் கேட்டா. பிறகு என் கையைப் பிடித்தா. "ஐயா, உங்கட கதையைப் பேந்து கட்டாயம் கேக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே மகளின் விரலைக் குத்தினா. மெசின் இலக்கம் காட்டவில்லை. என்னால் அளக்க ஏலாத அளவுக்கு மேலே என்று எழுத்துத்தான் காட்டியது.

மூன்று நாள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். கடலில் எனக்குத் தண்ணீர் இல்லாமல் இருந்தது. இங்கே என் பிள்ளைக்கு இரண்டு கையிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவளுடைய உடம்பில் இன்சுலின் என்ற சாமான் வருவது நின்றுபோயிருந்தது. அது இல்லாமல் சாப்பிட்ட சீனி உடம்புக்குள் போகாமல் இரத்தத்தில் நின்று, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியே போகும். அதுதான் அந்தத் தாகம். என்னுடைய தாகம் இல்லை. அவளுடைய சொந்தத் தாகம்.

டொக்டர் வாக்கை மறக்கவில்லை. நாலாம் நாள் பின்னேரம் கட்டிலடிக்கு வந்து "சொல்லுங்கோ உங்கட கதையை" என்றா. சொன்னேன். கடைசியில் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"அப்ப நான் காணாமல் போன பயத்திலதானே டொக்டர் பிள்ளைக்கு இது வந்தது?"

"கன பேர் இதைக் கேக்கினம்" என்றா. "வீட்டில சாவு, பிரிவு, பெரிய பயம், இதுக்குப் பிறகு வந்ததெண்டு. படிச்ச ஆக்களும் இதை ஆராய்ஞ்சுகொண்டுதான் இருக்கினம். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். இந்த வருத்தம் வெளியில தெரியிறதுக்குக் கன காலத்துக்கு முன்னமே உள்ளுக்குத் தொடங்கியிருக்கும். நீங்கள் அந்த வள்ளத்தில ஏற முதலே. பெரிய அதிர்ச்சி ஒண்டு, வரப்போறதைக் கொஞ்சம் கெதியாக் கொண்டுவரலாமோ எண்டா, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனா அது மட்டும் தனிய நிண்டு இதைக் கொண்டுவாறேல்லை. நீங்கள் போகாட்டியும் இது வந்திருக்கும். ஒருத்தரிலயும் பழி போடாதேங்கோ. உங்களிலயும்."

நான் தலையாட்டினேன். ஆனால் மனிதன் கேட்கிற மாதிரியா கேட்கிறான். இவ்வளவு சொன்னதில் "இருக்கலாம்" என்ற ஒரு சொல்லைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாதக்கணக்காக அதைச் சுமந்தேன். மனைவிக்கு வேறு சுமை. நான் இல்லாத நாட்களில் பிள்ளைக்குச் சமைத்துக் கொடுக்காமல் கிடந்தேனே என்று. இரண்டு பேரும் ஆளுக்கொரு குற்றத்தை வைத்துக்கொண்டு ஒரே குசினியில் நின்று சோற்றை அளந்தோம்.

மகளும் ஒன்று வைத்திருந்தாள். அது எங்களுக்குத் தெரியாது.

அதன் பிறகான வாழ்க்கை உங்களுக்குத் தெரிந்ததுதான். குத்துவது, அளப்பது, ஊசி போடுவது, சாப்பிடுவது, திரும்பவும் குத்துவது. நல்ல நாள் பெருநாள் என்று அதற்கு லீவு கிடையாது. மனைவி ஊசி போடப் பழகினாள். நானும் பழகினேன். மகளும் பழகினாள், என்னை விட நல்லாகப் போடுவாள். "உங்கட கை ஸ்பனர் பிடிச்ச கை, விடுங்கோ" என்பாள். களைப்பு என்றால் ஓடியாடிய களைப்பு இல்லை. ஒரு சத்தத்துக்காக எந்த நேரமும் காதைத் திறந்துவைத்திருக்கிற களைப்பு.

சீனி கூடினால் பிழை. குறைந்தாலும் பிழை, அது இன்னும் கெதியாக ஆளை விழுத்தும். கை நடுங்கும், வேர்க்கும், கண் மங்கும். அந்த நேரம் உடனே இனிப்புச் சாப்பிட வேண்டும். அதற்காகப் பள்ளிக்கூடப் பையில் எப்போதும் டொபி வைத்துவிடுவோம். ரீச்சரிடமும் கொடுத்திருந்தோம்.

"இண்டைக்கு நடுங்கினதா?"

"ஓம். டொபி சாப்பிட்டனான். சரியாப் போச்சு."

இப்படித்தான் சொல்லுவாள். நம்பினோம்.

அடுத்த வருசம், அவளுக்குப் பத்து வயது, ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். நான் அன்றைக்கும் ஓர் ஓட்டத்துக்குப் போயிருந்தேன். ஓம், திரும்பவும் போகத் தொடங்கியிருந்தேன். வேறு வழி இல்லை, ஆனால் இப்போது ரேடியோவும் பெரிய பரல் நிறையத் தண்ணீரும் இல்லாமல் ஏறமாட்டேன். கரைக்கு வந்ததும் போன் வந்தது. ஓடினேன். ஆஸ்பத்திரியில் நரம்பில் மருந்து ஏற்றிக் கண்ணைத் திறந்திருந்தாள். ரீச்சர் வெளியில் அழுதுகொண்டு நின்றா.

"ஐயா, டொபியைப் பிரிச்சு வாயடியில வைச்சனான். பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்தவ. மாட்டன் மாட்டன் எண்டு தலையை ஆட்டினவ. பேந்து விழுந்திட்டா. முதலும் ரெண்டு தரம் இப்பிடி நடுங்கினதைக் கண்டனான். கேட்டா, சாப்பிட்டிட்டன் மிஸ் எண்டு சொல்லுவா."

பையைப் பார்த்தேன். புத்தகங்களுக்கு அடியில், வடிவகணிதப் பெட்டிக்குள், டொபி அப்படியே கிடந்தது. கன நாளாக நாங்கள் வைத்துவிட்டது. சிலது உருகி ஒட்டியிருந்தது. முதல் இரண்டு தரமும் நடுங்கினது எந்தெந்த நாள் என்று ரீச்சரிடம் கேட்டேன். சொன்னா. இரண்டும் நான் கடலுக்குப் போன நாட்கள்.

அடுத்த நாள் காலை மனைவி வீட்டுக்குச் சாப்பாடு எடுக்கப் போன நேரம், கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன். கோபிக்கவில்லை. கோபிக்கிற பலமும் எனக்கு இல்லை.

"மகள், ஏன் சாப்பிடேல்லை?"

கையில் ஒட்டியிருந்த பிளாஸ்ரரை நோண்டினாள்.

"நேர்த்தி" என்றாள்.

"என்ன நேர்த்தி?"

"நீங்கள் காணாமல் போனீங்கதானே. புதன்கிழமை பின்னேரம் அம்மா என்னை மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனவ. எல்லாரும் செபம் சொல்லேக்க நான் தனியாச் சொன்னனான். அப்பாவைத் திருப்பித் தந்தா நான் சாகும் வரைக்கும் இனிப்புச் சாப்பிடமாட்டன் எண்டு. வீட்ட வந்து கால் கழுவ முன்னம் போன் வந்தது." என்னைப் பார்த்தாள். "நான் கேட்ட உடனே மாதா தந்தவ அப்பா."

போனில் அவள் சொன்ன "எனக்குத் தெரியும்" இதுதான்.

"பேந்து ராத்தா தொதல் கொண்டுவந்தவ. நான் மறந்துபோய் ரெண்டு துண்டு சாப்பிட்டிட்டன். கேக்கும் சாப்பிட்டனான், பேந்து தாகத்தில கோடியலும் குடிச்சனான். அதுக்குத்தான் மாதா எனக்குச் சீனி வருத்தம் தந்தவ."

"இல்லை மகள்."

"ஓம். முதல் தரம் எனக்குத் தந்தவ. திரும்பவும் சாப்பிட்டா உங்களை எடுத்திடுவா. நீங்கள் கடலுக்குப் போற நாளில எப்பிடிச் சாப்பிடுறது?"

ஒரு பத்து வயதுப் பிள்ளை, கை நடுங்க நடுங்க, கண் இருட்ட இருட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஃபாதரிடம் போய்ச் சொல்லுவோம், சின்னப் பிள்ளையின் நேர்த்தியை அவர் மாற்றித் தருவார் என்றேன்.

"ஃபாதர் அப்பிடித்தான் சொல்லுவார்" என்றாள். "ஏனெண்டா நான் வருத்தக்காரப் பிள்ளை."

டொக்டர் சொன்னதைச் சொன்னேன். இது நான் வள்ளத்தில் ஏற முதலே உனக்குள் தொடங்கிவிட்டது, தொதலாலும் இல்லை, பயத்தாலும் இல்லை என்றேன். கேட்டாள். நான் டொக்டரைக் கேட்ட மாதிரியே கேட்டாள். காது வரைக்கும்தான் போனது.

என்னிடம் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. ஏனென்றால் அந்த நேர்த்தியில் அவளுக்குப் பயம் மட்டும் இல்லை. அப்பாவைக் கடலிலிருந்து தான் மீட்டாள் என்ற பெருமையும் இருந்தது. வருத்தத்தோடு கிடக்கிற பிள்ளைக்கு அது பெரிய சொத்து. ஒன்றை விட்டுவைத்து மற்றதை மட்டும் எடுக்க வழி தேடினேன். எஞ்சினில் என்றால் சில நேரம் அப்படிக் கழற்றலாம். இதில் முடியவில்லை.

"மகள், அந்த வள்ளக்காரர் எங்களைக் கண்டது புதன்கிழமை காலமை" என்றேன்.

"என்ன?"

"காலமை. சூரியன் கிளம்பேக்க. ரேடியோ பழுது, அவையள் வலை இழுக்கிற வரைக்கும் பொறுத்து, சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வந்துதான் போன் எடுத்தனான். நீ கோயிலுக்குப் போகேக்க நான் தண்ணி குடிச்சு, சோறு திண்டு, அவையளின்ர வள்ளத்தில படுத்துக் கிடந்தனான்."

அவள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது.

"அப்ப நான் நேர்த்தி வைக்காட்டியும் நீங்கள் வந்திருப்பீங்களா?"

"ஓம்."

"உண்மையா?"

"உண்மை. சொந்தக்காரரிட்டையும் கேட்டுப்பார்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. சுவரோடு பேசினாள்.

"அப்ப நான் ஒண்டுமே செய்யேல்லை."

இதற்கு நல்ல பதில் எத்தனையோ பிறகு எனக்கு வந்தன. ஓட்டோவில் போகும்போது வந்தன, கொட்டிலில் வேலை செய்யும்போது வந்தன. அந்த நேரம் முதுகில் கையை வைத்தேன், அவ்வளவுதான். தட்டிவிட்டாள். விட்டுவிட்டேன்.

பத்து மணிக்குத் தாதி மிஸ்ஸி வந்து விரலைக் குத்திப் பார்த்தா. "அறுபத்திரண்டு. ஏதாவது இனிப்புக் குடுங்கோ கெதியா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனா. நான் சேட்டுப் பையிலிருந்து டொபி ஒன்றை எடுத்துக் கடதாசியைப் பிரித்தேன். நீட்டினேன். அவள் திரும்பவில்லை. கை நடுங்கத் தொடங்கியிருந்தது, படுக்கைச் சீலையில் தெரிந்தது. டொபியை அப்படியே நீட்டிக்கொண்டு இருந்தேன்.

பின்னுக்குக் கை மட்டும் வந்தது. டொபியை எடுத்துக்கொண்டு போனது. சூப்பவில்லை. கோபத்தில் கடித்து நொறுக்கினாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

"நாளைக்கும் கடலுக்குப் போவீங்களா?" என்றாள், வாய் நிறைய டொபியோடு.

"நாளைக்கு இல்லை. வெள்ளிக்கிழமை."

"போயிட்டு எத்தினை மணிக்கு வருவீங்கள்?"

"ரெண்டு மணிக்குள்ள."

டொபி சாப்பிட்டுக் கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நேரம் வந்ததும் மெசினை எடுத்தேன். முகத்தைத் திருப்பாமலே, நடுவிரலை என் பக்கம் நீட்டினாள்.